‘நாங்க’

குற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜீப்பின் தெர்மோஸ்டாட் வால்வைத் திருப்பிப் போட்டேன். அதனால் எங்கள் டிரைவரின் வலது கை வெந்தது. ஏலத்தோட்ட வேலைக்குப் போன வயதான அம்மா ஒருவரின் புறங்கை வெந்தது. பதிமூன்று பேருக்கு ஒரு நாள் கூலி போனது. பிறகு ஒரு கேள்விக்கு ஒரே சொல்லில் பொய் சொன்னேன். அந்தப் பொய் ஐந்து மாதம் ஊரில் உலவியது. நான் அதைத் தடுக்கவில்லை.

நான் போடிநாயக்கனூரில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறவன். வெப்பம், விரிவு, அழுத்தம், கொதிநிலை எல்லாம் என் பாடம். இதைச் சொல்லாமல் விட்டால் குற்றம் இலேசாகிவிடும். தெரியாதவன் செய்த பிழை வேறு. இது தெரிந்தவன் செய்தது.

ஜீப் அப்பா வாங்கியது. பழைய டீசல் வண்டி, நான்கு சக்கரமும் இழுக்கும். விடியற்காலை நாலரைக்கு எங்கள் ஊர் ஜீப் ஸ்டாண்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தூக்குச்சட்டியும் தலையில் கட்டிய துண்டுமாகப் பெண்கள் வண்டி வண்டியாக ஏறுவார்கள். முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். தார்ச்சாலை முடிந்தபின் தோட்டத்துக்குள் இருப்பது பாதையே அல்ல. உருளைக்கல், சேறு, ஓடைத்தடம். அதற்குத்தான் ஜீப். ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருந்ததைவிட அதிகமான ஆட்களை ஏற்றினோம். ஏற்றச் சொன்னவன் நான். அந்தப் பணம் என் வீட்டுக்கு வந்தது.

டிரைவர் அண்ணன் எங்களிடம் பதினொரு வருடம் ஓட்டியவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அவரை ‘அண்ணே’ என்பேன். அவர் என்னை ‘சார்’ என்பார்.

போன மார்கழியில் அவர் ஒரு குறை சொன்னார். வண்டி சூடே ஏறவில்லை. மேட்டுக்குப் போய்ச் சேரும்வரை டெம்பரேச்சர் முள் அடியிலேயே கிடக்கிறது. காலையில் வெள்ளைப்புகை. டீசலும் கூடக் குடிக்கிறது.

காரணம் எனக்கு உடனே தெரிந்தது. தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிவிட்டது. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் சின்னக் கதவு அது. எஞ்சின் சூடாகும்வரை மூடியிருக்க வேண்டும். சூடான பிறகு திறந்து, வெந்நீரை ரேடியேட்டருக்கு விட வேண்டும். எப்போதும் திறந்தே கிடந்தால், பனிக்காற்றில் ஏறும் வண்டியின் எஞ்சின் குளிர்ந்தே ஓடும். டீசல் முழுதாக எரியாது.

“கழட்டித் தூக்கி எறிஞ்சுரலாம் சார். மலை ஓட்டுற வண்டியில பாதிக்கு அது கிடையாது” என்றார் அண்ணன்.

அவர் சொன்னது நடைமுறை. பல பட்டறைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அது தவறு. நான் அதை அவருக்கு விளக்கினேன். விளக்கினேன் என்பது மரியாதையான சொல். வகுப்பெடுத்தேன். குளிர்ந்த எஞ்சினில் தேய்மானம் எப்படிக் கூடுகிறது, எரியாத டீசல் எப்படி ஆயிலில் கலக்கிறது என்று கால் மணி நேரம் பேசினேன். அவர் தலையாட்டிக் கேட்டார். நான் சொன்னது சரி. கொள்கை சரியாக இருந்ததால் கையும் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். அங்கேதான் கர்வம் புகுந்தது.

“அப்ப மெக்கானிக்கிட்ட விட்டுரலாம் சார்.”

“எதுக்குண்ணே? ரெண்டு போல்ட்டு. வீட்லயே மாத்திரலாம்.”

கூலி மிச்சம் என்பது சின்னக் காரணம். பட்டறைக்காரர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று காட்ட வேண்டும். அதுதான் பெரிய காரணம்.

தேனியில் புது வால்வு வாங்கினேன். அதன் விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது. அத்தனை டிகிரியில் திறக்கத் தொடங்கும் என்று பொருள். ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்பில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். பள்ளிக்கூட ஆய்வகத்துத் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்திருந்தேன். மகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டி வைத்துக்கொண்டேன். வால்வின் நடுவில் ஒரு பித்தளைக் குமிழ். அதற்குள் மெழுகு. சூட்டில் மெழுகு உருகி விரியும். விரியும்போது ஒரு சிறு தண்டைத் தள்ளும். தண்டு தள்ளினால் ஸ்பிரிங் அமுங்கிக் கதவு திறக்கும். தெர்மாமீட்டர் 82-ஐத் தாண்டியதும் நூலிழை அளவுக்கு இடைவெளி தெரிந்தது. தண்ணீர் கொதிக்கும்போது கதவு முழுக்கத் திறந்திருந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அடுப்படி வாசலில் நின்று அண்ணனும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கைத்தட்டல் சாயங்காலம்வரை என் காதில் இருந்தது.

வேலையை நாலு மணிக்கு மேல்தான் தொடங்கினேன். ரேடியேட்டர் தண்ணீரை வாளியில் வடித்தேன். மேல் ஹோஸைக் கழற்றினேன். வால்வு மூடியின் இரண்டு போல்ட்டுகளையும் எடுத்தேன். பழைய கேஸ்கெட் ஒட்டிக்கிடந்தது. பிளேடால் சுரண்டினேன். பழைய வால்வைப் பிடுங்கி வாளிக்குள் எறிந்தேன்.

எறிந்த அந்த நொடியில் முதல் தவறு நடந்துவிட்டது. அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று நான் பார்க்கவில்லை. செல்போனில் ஒரு படம் எடுத்திருந்தால் போதும். பையில் போன் இருந்தது.

சுரண்டி முடிக்க இருட்டிவிட்டது. மார்கழியில் பொழுது சீக்கிரம் சாயும். அண்ணன் வலது கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எனக்கு வெளிச்சம் காட்டினார். நான் புது வால்வை எடுத்தேன். ஸ்பிரிங் எந்தப் பக்கம்?

எனக்குச் சந்தேகம் வந்தது. இதை மறைக்கக் கூடாது. இரண்டு மூன்று நொடி கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். எஞ்சின் பக்கமிருந்து தண்ணீர் தள்ளும், தள்ளினால் கதவு ரேடியேட்டர் பக்கம் திறக்கும், ஆகவே ஸ்பிரிங் ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு.

தப்பு. கதவைத் திறப்பது தண்ணீரின் தள்ளல் அல்ல. மெழுகு. மெழுகுக் குமிழும் ஸ்பிரிங்கும் எஞ்சின் பக்கம், வெந்நீருக்குள் நிற்க வேண்டும். அப்போதுதான் அதற்குச் சூடு தெரியும். காலையில் அடுப்படியில் பிள்ளைகளுக்கு நான் காட்டியதே அதுதான். சாயங்காலம் நானே மெழுகைக் குளிர்ந்த பக்கம் பார்க்க வைத்தேன்.

“சார், பழசு இப்படியா இருந்துச்சு?” என்று அண்ணன் கேட்டார்.

மெதுவாகத்தான் கேட்டார். வாளிக்குள் கையை விட்டுப் பழையதை எடுத்து, அதில் படிந்திருந்த துரு எந்தப் பக்கம் என்று பார்த்திருக்கலாம். அரை நிமிட வேலை. நான் சொன்னது இது:

“அண்ணே, பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்துறதே இதத்தான்.”

அவர் அதற்குப்பின் பேசவில்லை. டார்ச்சை மட்டும் நேராகப் பிடித்தார்.

வால்வு பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை. சரியான பக்கம் வைத்தால் அது தானாகப் பொருந்தும். நான் ஸ்பேனரின் பின்பக்கத்தால் தட்டி உட்காரவைத்தேன். இரும்பும் ஒருமுறை எனக்குச் சொல்லிப் பார்த்தது. கேட்கவில்லை. போல்ட்டை முடுக்கினேன்.

கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றி வண்டியை ஓடவிட்டேன். வால்வு திறந்தால் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சூடாக வேண்டும். பத்து நிமிடம் ஆயிற்று, ஹோஸ் குளிர்ந்தே கிடந்தது. முள் பாதியைத் தாண்டியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஹோஸ் வெதுவெதுப்பானது. உலோகத்தின் வழியாகக் கசிந்த சூட்டில் மெழுகு எப்படியோ உருகி, கதவு அரைகுறையாகத் திறந்திருக்க வேண்டும். திறப்பு தாமதம் என்று எனக்குத் தெரிந்தது. “புதுசுண்ணே, பழகணும்” என்றேன். செருப்பு பழகும். மெழுகு எதைப் பழகும்?

“ஆள் ஏத்தாம மூணு வளைவு ஏறிப் பாத்துட்டு வந்துரட்டுமா சார்?” என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்த வேண்டும், டீசல் வீண் என்றேன். உண்மைக் காரணம் பயம். ஏறும்போது சூடாகிவிட்டால் அவர் முன்னால் நான் தோற்றுப்போவேன். அந்தத் தோல்வியைத் தள்ளிப்போடப் பதிமூன்று பேரை ஏற்றி அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குப் போன் வந்தது. நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

“சார், முள்ளு மேல போகுது. வண்டியை நிறுத்திட்டேன்.”

சரியாகச் செய்திருந்தார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அப்படியே விடுங்க, அடுத்த ஜீப்பில் ஆட்களை ஏற்றிவிடுங்க, யாரும் கிட்டப் போக வேண்டாம் என்று. நான் சொன்னது: “ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் ஆத்திட்டு மெல்லப் போங்க.”

சிறிது நேரத்தில் மறுபடியும் போன்.

“முள்ளு இறங்கிருச்சு சார். சடார்னு இறங்கிருச்சு.”

“நான்தான் சொன்னேன்ல” என்றேன்.

இந்தக் கட்டுரையில் எனக்கு எழுதக் கஷ்டமான வரி அதுதான். முள் ஏன் சடாரென்று இறங்கும்? சூடு அப்படி இறங்காது. முள்ளுக்குச் செய்தி சொல்லும் சென்சார் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். தண்ணீர் கொதித்து வெளியேறி மட்டம் தாழ்ந்துவிட்டால், சென்சார் வெறும் ஆவியில் நிற்கும். முள் பொய் சொல்லும். எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்க, முள் குளிர்ந்துவிட்டது என்று காட்டும். ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். நான் காபியைக் குடித்து முடித்தேன்.

அவர் வண்டியைக் கிளப்பினார். பதினோராவது வளைவில் பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி வந்தது. நிறுத்தினார். எல்லோரையும் இறக்கினார். இருபது நிமிடம் காத்திருந்தார். முள்ளைப் பார்த்தார், அடியில் கிடந்தது. முள் இறங்கினால் சரிதான் என்று சார் சொல்லியிருக்கிறார். ஈரத்துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். தண்ணீர் ஊற்ற அந்த வயதான அம்மா கேனோடு பக்கத்தில் நின்றார்.

அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் அப்படி இல்லை. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அதனால் 110 டிகிரியிலும் தண்ணீர் கொதிக்காமல் கிடக்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் விடுபடும். கிடந்த தண்ணீர் அத்தனையும் ஒரே நொடியில் கொதித்துப் பீறிடும். பிரஷர் குக்கரை வைத்து வருடா வருடம் வகுப்பில் நான் விளக்குவது இது.

அண்ணனுக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல்வரை தோல் உரிந்தது. கழுத்திலும் ஒரு பட்டை. அந்த அம்மாவுக்கு இடது புறங்கை. பின்னால் வந்த ஜீப் இருவரையும் ஏற்றிக்கொண்டு கீழே வந்தது. மற்றவர்கள் சாலையோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இடம் கிடைத்தபோது தோட்டத்தில் வேலை தொடங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: “மூடியத் திறந்திருக்கக் கூடாது சார். என் தப்பு.”

நான் அவர் தோளைத் தட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

வண்டியை இழுத்துக்கொண்டு வந்து பட்டறையில் விட்டோம். ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. ஹெட் வளைந்திருந்தது, லேத்தில் கொடுத்துச் சீவ வேண்டும் என்றார்கள். மெக்கானிக் வால்வு மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். விரலால் ஸ்பிரிங்கைத் தொட்டார்.

“இது திருப்பிப் போட்டிருக்கே. யாரு சார் போட்டது?”

“நாங்கதான் போட்டோம்” என்றேன்.

தமிழில் ‘நான்’ என்றும் சொல்லலாம், ‘நாங்க’ என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. நான் ஒளிந்துகொண்டேன். வாத்தியார் ஸ்பேனர் பிடிப்பாரா? ‘நாங்க’ என்றால் டிரைவர் போட்டார், சார் பக்கத்தில் நின்றார் என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. மெக்கானிக் தலையை ஆட்டி, “டிரைவருங்க எல்லாம் மெக்கானிக்கு ஆயிட்டானுங்க” என்றார். நான் மறுக்கவில்லை.

இரண்டே நாளில் ஸ்டாண்டில் கதை தயாரானது. வால்வைத் திருப்பிப் போட்டான், சூட்டோடு மூடியைத் திறந்தான், கிழவி கையைப் பொசுக்கினான். அண்ணன் ஆறு வாரம் வேலைக்குப் போகவில்லை. மருந்துச் செலவை நான் கொடுத்தேன். பாதிச் சம்பளமும் கொடுத்தேன். கொடுத்தபோது என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டேன்.

இதைவிடக் கேவலமானது ஒன்று உண்டு. வண்டி தயாரானதும் வேறு டிரைவரைப் போட்டேன். அண்ணனுக்குக் கை இன்னும் ஆறவில்லை என்று வீட்டில் சொன்னேன். கை ஆறியிருந்தது. தினமும் காலையில் அந்தக் கையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மற்ற ஜீப்காரர்களும் அவரைக் கூப்பிடவில்லை. வண்டியை நாசமாக்கியவன் என்ற பெயரோடு அவர் நின்றார். அந்தப் பெயர் என்னுடையது.

வைகாசியில் ஒருநாள் ஏலக்காய்க் கடைத் தெருவில் அவரைப் பார்த்தேன். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பட்டன். என்னைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, “நல்லாருக்கீங்களா சார்?” என்றார்.

அன்று இரவு அவர் வீட்டுக்குப் போனேன். வால்வைத் திருப்பிப் போட்டது நான், பட்டறையில் பொய் சொன்னதும் நான் என்றேன்.

“தெரியும் சார். டார்ச் பிடிச்சது நான்தானே” என்றார்.

“ஏண்ணே யாருகிட்டயும் சொல்லல?”

“யாரு நம்புவா சார்? நீங்க வாத்தியாரு.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: “இத என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? ஸ்டாண்டுல சொல்லுங்க.”

மறுநாள் நாலரை மணிக்கு ஸ்டாண்டுக்குப் போனேன். டிரைவர்கள் முன்னாலும், ஏறக் காத்திருந்த பெண்கள் முன்னாலும் சொன்னேன். இந்த முறை ‘நான்’ என்றே சொன்னேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். பிறகு மூத்த டிரைவர் ஒருவர் சொன்னார்: “சாருக்குப் பெரிய மனசு. பழைய டிரைவரைக் காப்பாத்தப் பழியத் தன் தலையில போட்டுக்கிறாரு பாரு.” யாரோ எனக்கு டீ வாங்கி வந்தார்கள். நான் அந்த டீயைக் குடித்தேன். அந்தப் பாராட்டு ஒரு நொடி இனித்தது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

கூட்டத்தில் அந்த வயதான அம்மாவும் இருந்தார். புறங்கையில் தோல் வழுவழுவென்று வெளுத்துக் கிடந்தது. அவர் மட்டும் என்னைப் பாராட்டவில்லை. “அன்னைக்குக் கூலி போச்சு சாமி. பதிமூணு பேருக்கும்” என்றார். ஐந்து மாதத்தில் ஒருநாள்கூட அது என் நினைவுக்கு வரவில்லை. பதிமூன்று கூலியையும் அந்த வாரமே கொடுத்தேன். அதற்குப் பாராட்டு எதுவும் சேராது, அது கடன்.

பொய்யை ஊர் உடனே நம்பியது. உண்மையை நம்ப மறுக்கிறது. அதனால்தான் இப்படி ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி எழுதுகிறேன். ஸ்பிரிங் எந்தப் பக்கம் இருந்தது, எதைக் கொண்டு தட்டினேன், போனில் எந்த வார்த்தையைச் சொன்னேன் என்பதெல்லாம் செய்தவனுக்குத்தான் தெரியும். இதைப் படித்த பிறகும் என்னைப் பெரிய மனசுக்காரன் என்று யாராவது சொன்னால், அவர்கள் அண்ணனை இரண்டாம் முறை பழிக்கிறார்கள்.

திரும்ப நம் வண்டிக்கே வாருங்கள் என்று அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. ஆனியில் வேறொருவர் ஜீப் கொடுத்திருக்கிறார், அதை ஓட்டுகிறார். முழுக்கைச் சட்டைதான் போடுகிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருட்டில் வண்டிக்கு முன்னால் இரண்டு வலது கைகள் இருந்தன. ஒன்று வால்வைப் பிடித்திருந்தது. ஒன்று டார்ச்சைப் பிடித்திருந்தது. வெந்தது டார்ச் பிடித்த கை.